வாயில் ஒரு ஏலக்காய்

"துப்புங்க சார், பாப்போம்" என்கிறார் பொன்னுமணி டீச்சர்.

சிலமலைப் பள்ளிக்கூடத்துப் பால்பாண்டி வாத்தியார் பெரிய மீசைக்காரர். அவர் குரல் கேட்டால் நாலாம் வகுப்பு நடுங்கும். அவர்தான் இப்போது உள்ளங்கையில் ஓர் ஏலக்காயைத் துப்பிக் காட்டுகிறார். தோல் பிளந்து, உள்ளிருந்த கறுப்பு ஏலரிசி சிதறிக் கிடக்கிறது.

"கடிச்சிட்டீகளே."

"புள்ள தப்பாச் சொல்லுது டீச்சர். எப்படிக் கடிக்காம இருக்கது?"

"தப்பாச் சொல்லட்டும். பக்கத்துப் புள்ள திருத்தும். ஒங்களுக்கு என்ன, பஸ்சா போகுது?"

அறை முழுக்கச் சிரிப்பு. போடியில் மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார ஆசிரியர்களுக்குப் பொன்னுமணி டீச்சர் நடத்தும் பயிற்சிக் கூட்டம் அது. வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டதும் ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை காய் வாயில் இருக்கும். வாத்தியார் பேசக் கூடாது, காயைக் கடிக்கவும் கூடாது. பொறுமை போகிற நேரத்தில் பல் தானாக இறங்கிவிடும் என்பது டீச்சரின் கணக்கு. காய் பொய் சொல்லாது.

காய்களுக்குப் பஞ்சமில்லை. டீச்சரின் தங்கை சுருளியம்மாள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். நிறம் வெளுத்து விலை போகாதவற்றை அக்காவுக்கு ஒதுக்கித் தருவாள். பழைய பல்பொடி டப்பா ஒன்றில் அவற்றைப் போட்டு இடுப்பில் செருகியிருப்பார் டீச்சர். அவர் நடந்தால் டப்பா குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டாலே சில வாத்தியார்கள் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். கடைசி வரிசையில், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில். கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும். முந்தானையை விரல்களில் சுற்றிச் சுற்றிக் கட்டிப்போட்டுக்கொள்வார். யார் எது கேட்டாலும் பதிலுக்கு, "நீங்க என்ன நெனைக்கிறீக?" என்பார். ஒருநாள் வீட்டில் அவர் கணவர் தவசி, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டு அதே பதிலை வாங்கினாராம். "அன்னைக்குத்தேன் நான் சமைக்கப் படிச்சேன்" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

டீச்சருக்குக் கோபம் வருவது மரக்கன்று என்ற சொல்லுக்குத்தான். ஊருக்குப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எல்லாப் பள்ளியிலும் அதே விடை: கன்று நட்டோம். "நட்டது யாரு? நீங்க. தண்ணி ஊத்தச் சொன்னது யாரு? நீங்க. புள்ளைக கொடத்தத்தான் தூக்குச்சுக" என்பார். "ஊருல எது வலிக்குதுன்னு அதுகளக் கேளுங்க சார். கேட்டுட்டு காயப் போடுங்க."

அப்படிக் கேட்டு மாட்டிக்கொண்டவர் வேலுச்சாமி. ராசிங்காபுரத்தைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார், வேலை இன்னும் நிரந்தரமாகாதவர். பிள்ளைகள் குப்பை என்பார்கள், தெருவிளக்கு என்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்கள், "முத்துப்பேச்சி வர்றதில்ல சார்" என்றார்கள்.

மலையில் ஏலக்காய் எடுக்கிற பருவம். அம்மா விடியுமுன் ஜீப்பில் மலைக்குப் போய்விட, தவழ்கிற தம்பியை வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி வீட்டில் கிடந்தாள். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். மறுநாள் வகுப்பறை உத்திரத்தில் ஒரு பழைய சேலை தொட்டிலாகத் தொங்கியது. தம்பி தொட்டிலில், அக்கா பலகைக்கு முன்னால். ஆட்டுவதற்கு ஆளுக்கொரு முறை.

வேலுச்சாமி அலறியடித்துப் போடிக்கு ஓடிவந்தார். "டீச்சர், நாளைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாரு. தொட்டில அவுத்துரவா? அவுத்தா அந்தப் புள்ள வீட்டுக்குப் போயிரும். அவுக்கலைன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

"நீங்க என்ன நெனைக்கிறீக?"

"வந்து நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், ஒங்க கால்ல விழுகுறேன்."

"வர்றேன். ஆனா பேச மாட்டேன்."

மறுநாள் தொட்டில் அவிழாமல் தொங்கியது. இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா?"

வேலுச்சாமி வாயைத் திறந்தார். டீச்சர் டப்பாவை நீட்டினார். அவர் ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டீச்சரும் ஒன்று போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முத்துப்பேச்சி எழுந்தாள். "அம்மா மலைக்குப் போயிருக்கு ஐயா. இவன விட்டுட்டு வர ஆளில்ல. நாங்கதேன் கட்டுனோம். பாடம் நிக்கல."

"நிக்கலையா?"

அந்த நேரம் பார்த்துத் தம்பி விழித்துக்கொண்டு வீறிட்டான். இன்ஸ்பெக்டர் தொட்டிலை ஒட்டி நின்றதால் யாரும் அசையவில்லை. அழுகை ஏறியது. டீச்சருக்கு எட்டுகிற தூரம்தான். எழுந்து ஆட்டிவிடலாம். இது நல்ல யோசனை, புண்ணியமான காரியம் என்று எடுத்துச் சொல்லலாம். நாக்கில் வரிசையாக வந்து நின்றன வார்த்தைகள். முந்தானை விரல்களில் இறுகியது. இந்த ஒரு நொடி தாங்காமல் பேசிவிட்டால் அது டீச்சரின் தொட்டிலாகிவிடும், பிள்ளைகளுடையதாக இருக்காது; தாங்கினாலும் நாளை முத்துப்பேச்சி வருவாளா தெரியாது.

கடைசி வரிசையிலிருந்து சுடலை என்ற பையன் எழுந்து தொட்டிலிடம் போனான்.

"ஐயா, இப்ப என் முறை. கொஞ்சம் தள்ளிக்கிருங்க."

இன்ஸ்பெக்டர் தள்ளிக்கொண்டார். சுடலை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே பலகையில் இருந்த கணக்கைப் பார்த்து உதடு அசைத்தான். அழுகை தேய்ந்தது. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். கையை உயர்த்தி முடிச்சை இழுத்துச் சோதித்தார்.

"இன்னொரு முடிச்சுப் போடுங்கப்பா. பய கனமா இருக்கான்."

அவ்வளவுதான். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அவருடைய ஜீப்பு தெரு திரும்பியதும் வேலுச்சாமி உள்ளங்கையில் துப்பினார். காய் நனைந்து, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"கடிக்கல, பாத்தீங்களா. ஒங்களதக் காட்டுங்க டீச்சர்."

பொன்னுமணி டீச்சர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கையை விரித்தார். தோலும் இல்லை, அரிசியும் இல்லை. மென்று சக்கையான நார் கொஞ்சம்.

வேலுச்சாமி சிரிக்கவில்லை. டீச்சர் தரையில் வைத்திருந்த டப்பாவை எடுத்துத் திறந்து, நல்ல காயாக ஒன்றைப் பார்த்துப் பொறுக்கி நீட்டினார். டீச்சர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, திரும்பப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.