வெளியே நின்றவர்களின் சம்பளம்

தோல் வியாபாரம் படுத்துப்போன வருஷம் அது. ஆம்பூரில் தோல் மண்டிக்காரர்கள் சந்தா போட்டு நடத்திய தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பெண்கள் வார்டுக்கு டாக்டராக இருந்தேன். சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் வயதில் மூத்த டாக்டர்.

சந்தா குறைந்ததும் கமிட்டி வார்டு ஆயாக்கள், தோட்டிகள், சமையல்காரர் சம்பளத்தில் கை வைத்தது. எங்கள் இருவர் சம்பளத்தைத் தொடவில்லை. ஏன் என்று காரியதரிசியிடம் கேட்டேன்.

"டாக்டர் கிடைக்கிறது கஷ்டம்மா. ஆயா தெருவுக்கு நாலு பேர்" என்றார். அவர் ஒரு தோல் தரகர்.

சில நாள் கழித்து ஒரு காலை நான் வந்தபோது வேலைக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவள் தலைமை ஆயா. பிரசவத்தில் என் கையோடு கை வைத்து வேலை செய்தவள். விதவை.

"நீங்க உள்ள போங்க டாக்டரம்மா. மருந்து குடுங்க, ஊசி போடுங்க. உங்கள யாரும் தடுக்கல. பெட்பான் எடுக்கறது, துணி அலசறதுலாம் எங்க வேலை. அத்த மட்டும் தொடாதீங்க. நீங்க தொட்டா நாங்க தோத்துட்டோம்."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற வார்டில் நாற்றம் எழும்பியது. தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வரும் வாடைக்குப் பழகிய மூக்குக்கே அது தாங்கவில்லை. முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கு உறவுக்காரர்கள் வந்து செய்தார்கள். ஒருத்தியை மட்டும் எப்படி விடுவது என்று தெரியவில்லை. பிரசவ ஜன்னி கண்டு நினைவு தப்பிக் கிடந்த இளம்பெண். துணைக்கு இருந்த, வீட்டில் உருது பேசும் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது.

"பேட்டி, மகளே, இவ ஈரத்திலயே கிடக்குறா. எனக்கு ரொம்பப் பேஜாரா இருக்குது" என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். ஜுரம் பார்த்தேன், கொஞ்ச நேரம் முன்புதான் பார்த்திருந்தேன். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளைத் துடைத்தேன், துணி மாற்றினேன், பெட்பானை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கொட்டும் குழி காம்பவுண்டின் கோடியில் இருந்தது. கேட்டில் நின்றால் நன்றாகத் தெரியும். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தலைமை ஆயா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காரியதரிசியின் ஜட்கா வந்து நின்றது. என்னைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா? டாக்டரம்மாவே செய்றாங்க. அப்புறம் நீங்க எதுக்கு?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். என்னிடம் திரும்பி, "வீணா உழைக்க வேணாம்மா. நிக்கிறவங்க சம்பளத்த உங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

கொட்டிவிட்டு வந்த பெட்பானைத் தரையில் வைத்தேன்.

"எனக்கு அந்தப் பணம் வேணாம்" என்றேன்.

"பெரிய டாக்டர் சரின்னுட்டாரே!"

"அவர் வாங்கிக்கட்டும். நான் ஒரு பொண்ணு சாகக் கூடாதுன்னு செஞ்சேன். அவங்க வேலைய நான் வாங்கிக்கிட்டேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. இனிமே உயிருக்கு ஆபத்துன்னு வர்றவங்களத் தவிர புதுசா யாரையும் படுக்க வெக்க மாட்டேன். கமிட்டியில சொல்லிடுங்க."

அவர் ஆபீஸ் அறைக்குள் போனார். பெரிய டாக்டர் வராந்தாவிலிருந்து, "பிழைக்கத் தெரியாதவள்" என்று முணுமுணுத்தார். அவர் வார்டில் எதையும் தொட்டிருக்கவில்லை.

நான் நேராகக் கேட்டுக்குப் போனேன். "அந்த ஜன்னிக்காரிய என்னால தனியாப் பாக்க முடியல. ஊசிக்கும் நான், துணிக்கும் நான்னா அவ செத்துடுவா" என்றேன்.

தலைமை ஆயா மற்றவர்களைப் பார்த்தாள். ஒரு தோட்டி கோபமாக ஏதோ சொன்னான். அவர்களுக்குள் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவள் முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள்.

"அந்த ஒருத்திக்கு மட்டுந்தான் வர்றேன். சம்பளத்துக்கு வரல. கமிட்டிக்காரன் காசு குடுத்தா மூஞ்சில வீசிடுவேன்."

காலையும் மாலையும் வந்து, அந்தப் பெண்ணுக்கு மட்டும் செய்துவிட்டு, மறுபடியும் வெளியே போய் நின்றுகொள்வாள். பக்கத்துக் கட்டிலில் யாராவது கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். எனக்குச் சில சமயம் எரிச்சல்கூட வந்தது. ஆனால் ஜுரம் இறங்கி அந்தப் பெண் கண் திறந்து தண்ணீர் கேட்டபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

வார்டு காலியாகத் தொடங்கியதும், வெட்டிய சம்பளத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகக் கமிட்டி இறங்கி வந்தது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள், தலைமை ஆயாவைத் தவிர. அவளைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டியில் ஒவ்வொருவர் வீடாகப் போய்க் கேட்டேன். காபி கொடுத்தார்கள்.

மழைக்காலத்தில் அவள் என் புற நோயாளி வரிசையில் வந்து நின்றாள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோல் எடுக்கும் வேலையாம். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. களிம்பு தடவிக் கட்டுப் போட்டேன்.

"ஆறுற வரைக்கும் தண்ணியில கை வெக்கக் கூடாது."

"தண்ணியில கை வெக்காத வேலை எங்களுக்கு எங்க டாக்டரம்மா இருக்குது?" என்று சிரித்தாள். "கூலி ஜாஸ்தி இல்ல. ஆனா வாரா வாரம் குடுத்துடறான்."

அவள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள் கட்டைப் பிரித்து, ஒழுங்காகச் சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த நோயாளி எதிரே உட்கார்ந்து, இருமிக்கொண்டே தன் நோவைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.