பன்னிரண்டு கிலோ நட்சத்திரம்

அறிவியல் கூடத்துப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. வெல்டிங் வேலை செய்பவள் என்பதால் பொறி. வயதில் சின்னவர்களுக்குப் பொறியக்கா. பட்டறைக்குப் பொறுப்பானவர் பொறியாளர். “பொறியாளர் பேப்பர்ல போடுவாரு, பொறி இரும்புல போடும்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். முகமூடிக்குள்ளே அவளும் சிரித்துக்கொள்வாள்.

வயது நாற்பத்துநாலு. இங்கே வருவதற்கு முன் ஒரு பஸ் கூண்டு கட்டும் ஷெட்டில் ஒன்பது வருடம் இருந்தாள். அங்கே ஒரு நாள் கதவு ஒன்று கழன்று விழ, யாரோ வைத்த வெல்டை அவள் தலையில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, தான் வைக்கும் ஒவ்வொரு வெல்டுக்கும் பக்கத்தில் உளியால் மூன்று புள்ளி குத்திவிடுவாள். அடுத்தவர் தப்பு தன் மேல் வரக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம். தன் தப்பை மறைக்கவும் அது வழி விடாது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

கூடத்தின் வட்ட மண்டபத்துக்காக ஒரு மூன்று நட்சத்திரக் குடும்பத்தைச் செய்யச் சொன்னார்கள். பொறியாளர் தரையில் சாக்கட்டியால் வரைந்து விளக்கினார். இரண்டு நட்சத்திரங்கள் நெருங்கி நின்று ஒன்றையொன்று சுற்றும், அதற்குச் சில நாள் போதும். மூன்றாவது எங்கோ தூரத்தில். அந்த இரண்டையும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு அது சுற்றிவரும், ஒரு சுற்றுக்கு எத்தனையோ வருடம் ஆகும். மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தால் குழாய் மிச்சமாகுமே என்று அவள் கேட்டாள். கிட்டே வந்தால் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் ஏதாவது ஒன்றை வெளியே தூக்கி எறிந்துவிடும், தூரம் இருப்பதால்தான் குடும்பம் கலையாமல் இருக்கிறது என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஜோடியும் சும்மா நிற்பதில்லை. மூன்றாவது அந்தப் பக்கம் போனால் ஜோடி இந்தப் பக்கம் நகரும். எல்லாமே நடுவில் ஒரு புள்ளியைத்தான் சுற்றுகின்றன. எடை அதிகமான பக்கத்துக்கு அந்தப் புள்ளி கிட்டே இருக்கும்.

“அந்தப் புள்ளியில என்ன சார் இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது.”

“எனக்கு அங்கதான் சார் தண்டு வரணும்” என்றாள் அவள்.

அவளே மூன்று உருண்டைகளையும் தகட்டில் செய்து தராசில் வைத்தாள். ஜோடியில் பெரியது நாற்பது கிலோ, சின்னது இருபது. தனியாக நிற்பது இருபது. எட்டு மீட்டர் குழாய். ஜோடியிலிருந்து இரண்டு மீட்டர், தனியனிலிருந்து ஆறு மீட்டர் தள்ளித் தண்டை வைத்தாள். அறுபதை இரண்டால் பெருக்கினாலும் இருபதை ஆறால் பெருக்கினாலும் நூற்றிருபதுதான். கூரையிலிருந்து இறங்கிய தண்டில் குழாயை மாட்டியதும், ஒற்றை விரலால் தள்ளினாள். தண்ணீரில் படகு திரும்புவதுபோல் சத்தமில்லாமல் திரும்பியது. ஜோடிக்குத் தனியாக ஒரு சின்ன மோட்டார். அது பத்து விநாடிக்கு ஒரு சுற்று, பெரிய குழாய் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. தண்டும் குழாயும் சேருமிடத்தில் வெல்டு வைத்து, மூன்று புள்ளி குத்தினாள்.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தது. தங்கைக்கு வேறு ஆள் இல்லை. பொறி நான்கு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். ஐந்தாம் நாள் காலையில், தாயும் குழந்தையும் வீடு வந்து சேர்ந்ததும், தையல் மெஷினில் இருந்த தன் கணவனிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு நேராக வேலைக்கு வந்தாள். மணி பத்து பத்து. பத்தரைக்கு விழா.

மண்டபத்து வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். தரை விரிப்பில் எண்பது பள்ளிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே மூன்று உருண்டைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. தனி நட்சத்திரம் அவள் செய்ததாக இல்லை. உள்ளிருந்து வெளிச்சம் கசியும் சிவப்பு ஃபைபர் உருண்டை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது அண்ணாந்து நின்றது, ஜோடி குனிந்து நின்றது. ஒரு சாண் வித்தியாசம் இருக்கும்.

விளக்குப் பலகையில் இருந்த லைட்டுக்காரரிடம் போய்க் கேட்டாள். தகட்டு உருண்டை போட்டோவில் மங்கலாக விழுகிறது என்று இயக்குநர் மேடம் மாற்றச் சொன்னதாகவும், நேற்று மாட்டியதாகவும், ஒன்பது மணியிலிருந்து ஓடுவதாகவும் அவர் சொன்னார்.

“எத்தனை கிலோ?”

“அதெல்லாம் யாருக்கா பாத்தா.”

அவள் பக்கவாட்டு ஏணியில் ஏறிப் பொய்க்கூரைக்கு மேலே போனாள். அங்கே ஆள் நடக்க ஒரு பலகை. தவழ்ந்து போய், தண்டு இறங்கும் ஓட்டை வழியாக டார்ச் அடித்தாள். பெயின்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. ஜோடி ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அந்தக் கோடு வாய் திறந்து மூடியது. இரண்டு விரல் நீளம். அவள் பத்து சுற்று எண்ணினாள். எண்ணி முடித்தபோது இரண்டரை விரல்.

கோட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று புள்ளிகள்.

தூக்கமில்லாத கண் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள். யாரும் இந்தப் பக்கம் ஏறி வரப்போவதில்லை. விழா அரை மணி நேரம்தான், அதுவரை தாங்கினாலும் தாங்கும். நாளைக்கு வந்து சத்தமில்லாமல் ஒரு வெல்டு வைத்துவிடலாம். இந்த நினைப்பு வந்ததற்காக அவள் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டாள். அதற்குள் கீழே பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்டது. அவள் ஏணியில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

பொறியாளர் சலவைச் சட்டையில் விளக்குப் பலகை அருகே நின்றார். அவர் காதருகே போய்ச் சொன்னாள். அவர் கை நேரே சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அத அமுக்காதீங்க சார். சடார்னு பிரேக் பிடிக்கும். அந்த இழுப்புல மிச்ச வெல்டும் பிரிஞ்சிரும்.”

“அப்ப ஓடட்டும்னு விட்டுரலாமா?”

“பிள்ளைங்க வெளிய போறவரைக்கும் ஓடட்டும்.”

அவர் மேலே பார்த்தார். “அது யார் வெச்ச வெல்டு?”

“நான் வெச்சது.”

முதல் வரிசையில் இருந்த மேடத்திடம் யார் போய்ச் சொல்வது என்று பொறியாளர் தயங்கினார். அந்த நேரத்தை அவள் அவருக்குத் தரவில்லை. லைட்டுக்காரரின் மைக்கை வாங்கிப் பொறியாளர் கையிலேயே திணித்து, விழா வெளித் தோட்டத்தில் தொடங்குகிறது, சுவரோரமாக வரிசையாகப் போகணும் என்று சாதாரணக் குரலில் சொல்லச் சொன்னாள். அவர் அப்படியே சொன்னார். பிள்ளைகள் எழுந்தார்கள். செருப்புத் தேடினார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு நடுவட்டத்துக்கு ஓடி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே நாற்பது கிலோ கடந்துபோனது. மேடம் கோபமாக ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், மேலே பார்த்தார். அவரே கடைசிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே தள்ளினார்.

கதவு மூடியது. உள்ளே மூன்று பேர். பொறி, பொறியாளர், லைட்டுக்காரர்.

“முதல்ல ஜோடிய நிறுத்தணும். அதோட ஆட்டந்தான் வாயத் திறக்குது. கொஞ்சங்கொஞ்சமா” என்றாள்.

லைட்டுக்காரர் வேகத்தைக் குறைக்கும் திருகைத் தொட்டார். வேர்வையில் விரல் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். பத்து விநாடிச் சுற்று பதினைந்தானது, முப்பதானது, ஒரு நிமிடமானது. ஜோடி அசையாமல் நின்றது. அடுத்து நீளக் குழாய். அதற்குள் பொறி, பெயின்ட் அடிக்கும் சக்கரச் சாரத்தை மூலையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். ஜோடிக்குக் கீழே போக வேண்டாம் என்று பொறியாளர் சொன்னார். ஜோடி நகர நகரச் சாரத்தையும் அதன் கீழேயே உருட்டிக்கொண்டு நடந்தாள். அரைச் சுற்று போனதும் சாரத்தின் மறுபக்கத்தை இன்னொரு ஆள் தள்ளுவது தெரிந்தது. சலவைச் சட்டை.

ஆறு நிமிடம் ஆனது. குழாய் நிற்கப்போகும் நேரத்தில் மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம். ஜோடிப் பக்கம் இரண்டு சாண் இறங்கிச் சாரத்தின் மேல்பலகையில் உட்கார்ந்தது. பலகை முனகியது, உடையவில்லை. சங்கிலி போட்டுக் கட்டிய பிறகுதான் பொறி தரையில் உட்கார்ந்தாள்.

அன்று மாலை கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கையிலிருந்த சட்டைக்குக் காஜா எடுத்து முடித்துவிட்டுக் கேட்டான்.

“நாளைக்கு உனக்கு வேலை இருக்குமா?”

“தெரியல.”

உள்ளே குழந்தை அழுதது. அவள் எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் விசாரணை. மேடத்தின் மேசைமேல் வெட்டியெடுத்த வெல்டு இருந்தது. உட்பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த மூலைக்குக் கை எட்டவில்லை, மேலே மட்டும் மூடிவிட்டேன், அது என் தப்பு என்று அவள் தானாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, சிவப்பு உருண்டையை எடை போடச் சொன்னாள். பன்னிரண்டு கிலோ காட்டியது. சமமாக இருந்தவரை அந்த வெல்டு தொங்கும் எடையைத் தாங்கினால் போதும், சாய்வைத் தாங்க வேண்டியிருக்கவில்லை என்றாள். மேடம் சன்னலைப் பார்த்தார். மாற்றச் சொன்னவர் அவர்.

“எடை என்னன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கையெழுத்து மட்டும் போட்டேன்” என்றார் பொறியாளர்.

அவளுக்கும் அவருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேடத்துக்குக் கடிதம் எழுத அங்கே ஆள் இல்லை. வேலை மட்டும் போகவில்லை.

சிவப்பு உருண்டைதான் வேண்டும் என்பதில் மேடம் மாறவில்லை. அப்படியென்றால் தண்டு மாறணும் என்றாள் பொறி. பொறியாளர் காகிதத்தில் கணக்குப் போட்டார். அவள் ஒரு பலகையின் இரு முனையிலும் அறுபதுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் போல்ட்டுகளைக் கட்டி, கீழே ஒரு குழாய்த் துண்டை உருட்டி உருட்டிப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே விடை. ஜோடியிலிருந்து ஒரு மீட்டர் முப்பத்துமூன்று. எடை குறைந்த தனியன் இன்னும் பெரிய வட்டம் போட வேண்டும், ஜோடியின் வட்டம் சுருங்கும். வானத்திலும் இப்படித்தானா என்று கேட்டாள். இப்படியேதான் என்றார் அவர்.

இந்த முறை குழாயைக் கீழே இறக்கி, மூலைக்குக் கை எட்டும்படி புரட்டிப் போட்டு வெல்டு வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தார்கள். அன்று காலை முழுவதும் அவள் பொய்க்கூரைக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து, டார்ச்சை அணைக்காமல் வெல்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு எதுவும் விழவில்லை. கீழே பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. இறங்கி வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். லைட்டுக்காரர் மட்டும் ஒரு டம்ளர் டீயை மூடி வைத்திருந்தார். அது ஆறிப்போயிருந்தது. நின்றபடியே குடித்தாள்.