ஃபெர்ராரோவின் கை

உள்ளறையிலிருந்து செராஃபினாவின் முனகல் கேட்டது. பிறகு, அதைவிடப் பயங்கரமாக, ஒன்றுமே கேட்கவில்லை.

முன்னறையில் அவள் கணவர் அகாட்சியோ ஃபெர்ராரோ இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். யாரும் தன் கையைத் தொட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

இத்தாலியின் தென்கோடியில், எங்கள் கலாப்ரியக் கடற்கரையில் சவவண்டி எதிர்ப்பட்டால், கெட்டது அண்டாமலிருக்க, கை உடனே இரும்பைத் தேடும். ஆணியோ லாடமோ, தொட்டால்தான் நெஞ்சு ஆறும். ஃபெர்ராரோ என்றால் கொல்லன். எந்தக் காலத்திலோ அந்தக் குடும்பத்து மூதாதை ஒருவர் லாடம் அடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அகாட்சியோ சுத்தியலைப் பிடித்தே அறியாதவர், முடி வெட்டுகிறவர். ஆனாலும் கொல்லன் ரத்தத்தில் இரும்பு ஓடுகிறது என்று ஊர் நம்பியது. மற்ற ஃபெர்ராரோக்கள் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். வழக்குக்குப் போகிறவனும் ஆபரேஷனுக்குப் போகிறவளும் இவர் கையைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். "பாட்டன் இரும்படிச்சான், பேரன் தாடி வழிக்கிறான்" என்று கேலி பேசியவர்களும் போகும்போது கையை நீட்டுவார்கள்.

அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார், முதல் குழந்தை செத்துப் பிறக்கும்வரை. அன்று காலை யாரோ தொட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது குழந்தைக்கும் அப்படியே நடந்தது.

"நம்ம பங்கு அதிர்ஷ்டத்தை ஊருக்கு அள்ளிக் கொடுத்துட்டீங்களே!" என்று செராஃபினா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை வலி கண்டதுமே மாதா படத்தின் முன் சத்தியம் வாங்கிவிட்டாள்: பிள்ளை அழும்வரை வேற்றுக் கை எதுவும் அவர்மேல் படக் கூடாது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"மாஸ்டர்! பிரிஜிதா வந்திருக்கேன், தெறங்க!"

அவர் திறப்பதற்குள் அவளே தள்ளிக்கொண்டு நுழைந்தாள். மீன்பிடிக்கிற நுன்சியோவின் மனைவி. மதியத்திலிருந்து காற்று திசைமாறி அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை தொட்டுட்டுப் போயிடறேன், மாஸ்டர்."

"இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா. உள்ள அவளுக்கு வலி."

"தெரியும். தெரிஞ்சுதான் வெக்கங்கெட்டு வந்திருக்கேன். மத்த படகெல்லாம் வந்துடுச்சு. அவரோடது வரல."

அகாட்சியோ பின்வாங்கினார். சுவர் முதுகில் முட்டியது.

"யாரு அங்க?" உள்ளேயிருந்து செராஃபினாவின் குரல் வந்தது.

"வாயை மூடிட்டு முக்குடி!" என்று மருத்துவச்சி அதட்டினாள்.

"பிரிஜிதாதானே? கொடுங்க."

"சத்தியம் வாங்கினியே, செராஃபினா..."

"வாங்கினவளே சொல்றேன்! நான் ஒண்ணு பெத்தெடுக்க அவ விதவையாகிக் கறுப்புத் துணி கட்டணுமா? கையைக் கொடுய்யா!"

அக்குளிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. பிரிஜிதா அதைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஊரே உங்களைத் தொடுது. நீங்க எதைத் தொடுவீங்க, மாஸ்டர்?"

இதுவரை அவரை யாரும் கேட்காத கேள்வி. அவர் தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தார்.

அவள் கழுத்துக் கயிற்றிலிருந்து தன் வீட்டுச் சாவியைக் கழற்றினாள். கனத்த பழைய இரும்புச் சாவி. அதை அவர் உள்ளங்கையில் அழுத்தி விரல்களை மூடினாள்.

"அவர் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கிறோம். வரலேன்னா எனக்குப் பூட்ட வீடு எதுக்கு?"

"இன்னும் ஒரு தடவை முக்கு! அவ்வளவுதான்!" என்று கத்தினாள் மருத்துவச்சி.

மறுபடி அந்த நிசப்தம். முன்பு இருமுறை அவரைக் கொன்ற அதே நிசப்தம். சாவியின் பற்கள் சதையில் இறங்கும்வரை அகாட்சியோ இறுக்கினார். கடவுளே, ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம்!

மெலிதாக, கோபமாக ஓர் அழுகை கிளம்பியது.

"பொண்ணு! எப்படிக் கத்துறா பாரு, கழுதை!" மருத்துவச்சியே அழுதுகொண்டிருந்தாள்.

பிரிஜிதா சிரித்தாள், கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. குழந்தையைப் பார்க்க அவள் நிற்கவில்லை. முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு காற்றுக்குள் இறங்கிக் கடற்கரைப் பக்கம் ஓடினாள்.

அவள் உருவம் தெருமுனையில் மறையும்வரை அகாட்சியோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சாவியை விடாமல், தோளால் கதவைச் சாத்தினார்.