வத்திராயிருப்பு ஒண்ணு

"வாட்ராப் ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டால் வீரணன் டிக்கெட் கிழிக்க மாட்டார். காதுக்குப் பின்னால் கையை மடக்கி வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லும்" என்பார்.

"வாட்ராப்."

"ஐயா, அது வத்திராயிருப்பு. வெள்ளக்காரனுக்கு நாக்கு ஏலல, கொறைச்சு எழுதிட்டுப் போயிட்டான். உமக்கு என்ன வந்துச்சு?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு போகிற பஸ்ஸில் அவர் கண்டக்டர். சொந்த ஊரும் அதுதான், கோபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஒருமுறை மெட்ராஸ்காரர் ஒருவர் போர்டில் இருந்த இங்கிலீஷைப் படித்துவிட்டு, "வாட்டர் டேப் போகுமா?" என்றார். வீரணன் அவருக்கு பஸ் ஸ்டாண்டு குழாயடியைக் காட்டினார். "தண்ணி வந்தா எனக்கும் ஒரு கொடம் பிடியும்."

இவ்வளவு கறாரான மனிதரின் நாக்கில் 'ஸ்' மட்டும் நிற்காது. "சீ... வில்லிபுத்தூர்!" என்று அவர் கத்துவதைப் புதிதாகக் கேட்கிறவர்கள், ஊர்மேல் இவருக்கு என்ன வெறுப்போ என்று நினைப்பார்கள். பழகியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

வம்பு இந்த ஜூனில் வந்தது. வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் 'ஸ்ரீ புஷ்பகிரீஸ்வரர் பாலிடெக்னிக்' திறந்தார்கள். அவர் மகள் அழகுத்தாய்க்கு அங்கே இடம் கிடைத்தது. முதல் நாள் காலை, அவளும் பஸ்ஸில் இருக்க, பெருமை தாங்காமல் முழங்கினார்: "சீ புட்டுகிரி பால்டெக்னிக் எறங்கு!"

"பால் கறக்கவும் படிப்பு வந்துருச்சா?" என்றார் ஒரு கான்சாபுரத்துக்காரர். பஸ்ஸே சிரித்தது. அழகுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டாள்: "எப்பா, எங்க காலேஜ் பேர மட்டும் நீ கூப்பாடு போடாத. எல்லாவளும் சிரிக்காளுக."

மறுநாளிலிருந்து அந்த ஒரு ஸ்டாப்பில் மட்டும் வெறும் விசில். மற்ற ஊர்களுக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவர், அங்கே விசிலை ஊதிவிட்டு வெளியே பார்ப்பார். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசையும். தினமும் அதே பஸ்ஸில் போய்வருகிற எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

போன திங்கட்கிழமை, பாலிடெக்னிக்குக்கு டிக்கெட் வாங்கிய புதுப்பெண் ஒருத்தி, ஸ்டாப் வந்தது தெரியாமல் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வீரணன் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

படியில் ஒரு காலை வைத்திருந்த அழகுத்தாய் இதைக் கவனித்தாள். கம்பியைப் பிடித்தபடி உள்ளே திரும்பி, அப்பன் தொண்டையிலேயே ஒரு கத்துக் கத்தினாள்:

"சீ புட்டுகிரி பால்டெக்னிக் எறங்கு!"

கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர்களுக்கு முந்தி அவளே சிரித்துவிட்டாள். புதுப்பெண் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து இறங்கினாள்.

வீரணன் வாயிலிருந்த விசிலை எடுத்தார். மகளைப் பார்த்து, காதுக்குப் பின்னால் கையை மடக்கி வைத்தார்.