பன்னிரண்டில் என் மனைவி

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் மொத்தம் நான்கு வீடு. எங்கள் வீட்டுச் சமாச்சாரம் அத்தனையும் மற்ற மூன்று வீட்டுக்கும் அத்துப்படி. யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. என் மனைவி என்னிடம் சொல்வதை ஊருக்கே சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் சத்தத்துக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். காது போன போக்கில் போய்விட்டது.

"சாப்பிட வர்றீங்களா?" என்பதை மூன்றாவது தடவை சொல்லும்போது அது யாருக்கும் சண்டை போலத்தான் கேட்கும். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஒருநாள் பதறிப்போய்க் கதவைத் தட்டி, "ஏனாயித்து அக்கா?" என்று கேட்டுவிட்டார். என்ன ஆயிற்று என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பால் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் சொல்ல வேண்டும், இந்த மாதிரி தகவல்தான் எனக்கு வரும். தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை, சீரியலில் யார் செத்தது, எதுவும் வராது. வெட்டிப்பேச்சுக்காக ஒருத்தி தொண்டை கிழியக் கத்துவாளா? காது மிஷினும் போட்டுப் பார்த்தேன். அவள் குரலோடு மிக்சி, குக்கர் விசில், பைபாஸ் லாரியின் ஹாரன் எல்லாம் கும்பலாக உள்ளே வந்தன. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். சொந்த வீட்டிலேயே பேயிங் கெஸ்ட் மாதிரி ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் வருத்தமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் அந்த வாட்சை வாங்கி வந்தாள்.

"சாதா வாட்ச் மாதிரிதாம்ப்பா இருக்கும். முள்ளு இருக்கு பாருங்க. ஆனா போன் வந்தா கையில அதிரும். யாரு கூப்பிடறாங்கன்னு முள்ளே போய்க் காட்டும்."

போனில் அதற்கென்று ஓர் ஆப். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அவர் கூப்பிட்டால் இரண்டு முள்ளும் அந்த எண்ணுக்கு ஓடும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி மணி காட்டப் போய்விடும். கம்பெனிக்குள் போன் லாக்கருக்குப் போய்விடுவதால் அங்கே அது வெறும் வாட்ச்தான். எனக்கு வேண்டியது வீட்டில். வீட்டில் நான் லுங்கியும் பனியனும். போனை வைக்கப் பை ஏது?

மகளுக்கு மூன்று கொடுத்தேன். ஷிப்ட் மாறினால் கூப்பிடும் சூப்பர்வைசருக்குப் பன்னிரண்டு. மனைவிக்கு எட்டு.

"நானு எட்டா?" என்றாள். இது மட்டும் முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.

மிஸ்டு கால்தான் ஏற்பாடு. அவள் சமையலறையில் நின்று ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், கை அதிரும், நான் எழுந்து போவேன், காதருகே சாதாரணக் குரலில் சொல்வாள். சில நாளிலேயே தெருக்கதை எல்லாம் எனக்கு வரத் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரே குஷி.

அப்புறம் ஒருநாள் அவள் கூப்பிட்டிருக்கிறாள், வாட்ச் அசையவே இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நான் பேப்பரில் மூழ்கிக் கிடக்கிறேன். காதருகே குனிந்து சொன்னாள்:

"கையில கட்டிவுட்டும் எந்திரிக்கலன்னா, அப்புறம் காத என்னாத்துக்குக் குத்தம் சொல்றது?"

வாட்சில் கோளாறு என்றேன். நம்பவில்லை. பழையபடி பாலும் சிலிண்டரும்தான். இத்தனை நாள் காதின் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் மனசின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகளுக்கு மெசேஜ் போட்டேன். எனக்குப் போனில் விளக்கிச் சொல்ல முடியாது என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். இவள் தன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, என் போனைக் கையில் எடுத்தாள். மகள் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் எதை எதையோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் இவள் முகம் மாறியது.

"பேட்டரிய மிச்சம் பண்றேன்னு உங்க போனே அந்த ஆப்ப நிறுத்தி வெச்சிருக்குதாம். உங்க மேல தப்பு இல்லியாம்" என்று காதில் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

முள் இரண்டும் நிற்க வேண்டிய இடத்தை விட்டுச் சற்று விலகி நின்றன. அதைச் சரி செய்ய அவள் போன் கண்ணாடியில் விரலை இழுக்க, என் மணிக்கட்டில் முள் நகர்ந்தது. சரியாக நிற்கிறதா என்று பார்க்க என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று கூட இவ்வளவு நேரம் பிடித்ததாக ஞாபகம் இல்லை. அப்படியே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சூப்பர்வைசரை எட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் பன்னிரண்டில் உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

இப்போது ஆப் முழுக்க அவள் பொறுப்பு. எவ்வளவு நடந்தேன், எப்படித் தூங்கினேன் என்று அதில் பார்த்துவிட்டுக் காலையில் விசாரணை நடத்துகிறாள். நடத்தட்டும். விசாரிக்க ஆள் இருப்பது நல்லதுதான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கை அதிர்ந்தது. இரண்டு முள்ளும் பன்னிரண்டில். சமையலறைக்குப் போனேன், ஆளில்லை. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நின்றிருந்தாள். ஏதோ ஆகிவிட்டது என்று வேகமாகப் போனேன்.

"என்ன, என்ன ஆச்சு?"

அவள் என் தோளைப் பிடித்துக் காதருகே வந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. சூளகிரி பக்கம் மழ பேஞ்சிருக்கும் போல. மண் வாசன வருது. அதச் சொல்லத்தான்."

மழை வாசனையைச் சொல்ல எனக்கு ஒரு மிஸ்டு கால். மகளுக்கும், அந்த வாட்சைச் செய்த முகம் தெரியாத மனிதர்களுக்கும் மனதுக்குள் கை கூப்பினேன். என் மூக்கில் கோளாறு ஒன்றும் கிடையாது, வாசனை எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் அவள் சொன்ன பிறகுதான் அது நன்றாக வந்தது.