விளக்கு எரிந்த கார் ஷெட்

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அந்தக் காருக்கென்றே அப்பா கட்டிய ஷெட்டும் இருந்தது. ஆனால் கார் ஒரு நாள்கூட ஷெட்டுக்குள் நின்றதில்லை. வேப்பமரத்தடியில் வெயிலையும் மழையையும் காக்கை எச்சத்தையும் வாங்கிக்கொண்டு அங்கேயே துருப்பிடித்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் ரொம்ப காலம் சிரித்துக்கொண்டுதான் சொல்லிவந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். உடையார்பாளையத்திலிருந்து அரியலூருக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். அப்பா ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை வாங்கி, மாட்டுவண்டியில் அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றித் திருச்சிக்கு அனுப்புவார். சரக்கோடு அவரும் போவார். முன்பெல்லாம் மறுநாளே திரும்பிவிடுகிறவர், பிறகு வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்தார். வியாபாரம் பெருகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெருகிய வீட்டில் அம்மாவின் முகம் மட்டும் ஏன் சுருங்கிக்கொண்டு போகிறது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு எட்டு வயது. அப்பா சட்டைப்பையிலிருந்து பெப்பர்மிட்டு வந்துவிட்டால் எனக்கு உலகத்தில் குறையே கிடையாது.

அப்படி ஒருமுறை வந்தவர், சாப்பிட உட்கார்ந்ததும், "காரு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அதுக்கு மொதல்ல ஒரு ஷெட்டு கட்டணும்" என்றார்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்காரர்களே பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டிய காலம் அது. கார் வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் வாங்கப் போகிறாராம்.

"எங்க கட்டப் போறீங்க?"

"கொல்லைக் கடைசியில. பின்தெருவைப் பாத்தாப்ல."

"ரோடு முன்னாடில்ல இருக்கு?"

அப்பா ரசத்தை உறிஞ்சினார். அன்றைக்கு அந்த ரசத்தை அவர் மூன்றாம் முறையும் வாங்கிக் குடித்ததாக ஞாபகம்.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அவரே சுண்ணாம்பும் கொண்டுவந்தார். சிமெண்டுக்கு பர்மிட் வாங்கி மாளாது என்று சுண்ணாம்பும் மணலும் அரைத்துத்தான் கட்டினார்கள். முளை அடித்து, கயிறு கட்டி, அப்பாவும் அவரும் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேசுவார்கள். கார் ஷெட்டைப் பற்றிப் பேச அவ்வளவு ரகசியம் என்ன இருக்கிறது என்பது அம்மாவின் கேள்வி. அவளாகப் போய்ப் பார்த்தால் சந்தேகப்படுகிறாள் என்று ஆகிவிடும். நான் போனால் வேலையாட்களுக்கு மோர் கொண்டுபோனது என்று ஆகும். ஆகவே தினமும் மோர்ச் சொம்போடு என்னை அனுப்பினாள். திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். செவுரு எவ்ளோ ஒசரம்? ஜன்னல் வச்சிருக்கா? உள்ளுக்குள்ள தடுப்பு இருக்கா? என் பேச்சை அவ்வளவு அக்கறையோடு வீட்டில் வேறு யாரும் கேட்டதில்லை. பெருமை பிடிபடவில்லை எனக்கு.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டோடு இருந்தார். எதையும் கேலி செய்வதே அந்த மாமாவுக்கு உத்தியோகம். வாசல் நிலை வைத்த அன்று அவர் போய், நிலைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரிக்கப் பார்த்தார். முழங்கை இடித்தது.

"ஏன் மச்சான், காரு ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு நுழையுமா?"

அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. கொத்தனாருக்குக் கார் அளவு தெரியவில்லை என்று அவர்மேல் பாய்ந்தார். மறுநாளே நிலையைப் பெயர்த்து, வாசலை அகலமாக்கிப் பெரிய கதவு போட்டார்கள். கொத்தனார் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையையும் நான் சிந்தாமல் கொண்டுபோய் அம்மாவிடம் சேர்த்தேன்.

அடுத்தது, மூலையில் எழும்பிய அடுப்பு மேடை. மேலே புகை போக ஓட்டையும் விட்டிருந்தார்கள். "காருக்குக் காலையில வெந்நி ஊத்தணும், அதுக்குத்தான்" என்றார் அப்பா. "அரப்பு தேச்சுத்தான் ஊத்தணுமா மச்சான்?" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை. எனக்கோ கார் குளிப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அம்மா இதற்கெல்லாம் கூடத் தனக்குத்தானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று தோன்றுகிறது. கடைசியில் காட்டிக்கொடுத்தது வாசலுக்கு இரண்டு பக்கமும் கொத்தனார் வைத்த விளக்கு மாடங்கள்தான். மாட்டுக் கொட்டகை என்றால் லாந்தர் மாட்ட ஓர் ஆணி அடிப்பார்கள். வாசல் மாடம் என்பது மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான். நான் மோரை ஊற்றிக்கொண்டே, காருக்கு எதற்கு மாடம் என்று கேட்டேன்.

"எந்தக் காரு?" என்றார் கொத்தனார். "அய்யாகூட மாடம் வாணாம்னுதான் சொன்னாரு பாப்பா. நான்தான் கேக்கல. வர்ற மவராசி வெளக்க எங்க வெப்பாங்க? மாடம் இல்லாத வூட்ட நான் கட்டுனதில்ல."

அதையும் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வர்ற மவராசின்னா சொன்னாரு?"

"ஆமா. யாரு வர்றதுன்னு கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம்" என்றாள். அன்று எல்லாருக்கும் பரிமாறினாள், அவள் சாப்பிடவில்லை. வயிற்றுவலியாக இருக்கும் என்று நானே ஓமம் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்து கொத்தனார் கூலி வாங்கிப் போனார். அப்பா திருச்சிக்குக் கிளம்பினார். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா தலைக்குக் குளித்து, கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, சாமி மாடத்தில் இருந்த அகலை எடுத்துக்கொண்டு கொல்லையைக் கடந்து நடந்தாள். நான் எண்ணெய்க் கிண்ணியோடு பின்னால் போனேன். ஷெட்டின் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். மாடத்தில் விளக்கை ஏற்றினாள். பிறகு உள்ளே போய் நாலு மூலையையும் தொட்டுவிட்டு வந்தாள். விளக்கேற்றுகிறவள்தான் வீட்டுக்காரி; எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. வரப்போகிற காருக்குப் பூஜை நடக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்பா திரும்பி வந்து அந்த விளக்கைப் பார்த்தார். மாமா பல்லைக் குத்திக்கொண்டே, "ஷெட்டு ரெடி. வெளக்கும் ரெடி. காரு எங்க மச்சான்?" என்றார். அன்றிலிருந்து ஊரில் பார்த்தவர்களெல்லாம் அதையே கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்பா நிஜமாகவே ஒரு கார் வாங்கினார்.

திருச்சி வக்கீல் ஒருவர் தள்ளிவிட்ட பழைய கார் அது. அரியலூர்வரை எப்படியோ வந்து சேர்ந்து, அங்கே மூச்சை விட்டுவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டு மாடுகளைப் பூட்டி இழுத்து வந்தார்கள். ஊரே திரண்டது. அம்மா ஆரத்தி எடுத்து, மாடுகளுக்குத்தான் முதல் பொட்டு வைத்தாள்.

காரைத் தள்ளிக்கொண்டு ஷெட்டு வாசலுக்குப் போனார்கள். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெளக்க எடு" என்றார் அப்பா. "பெட்ரோல் வண்டி. குப்புனு புடிச்சிக்கும்."

"அப்ப வண்டிய வெளியில நிறுத்துங்க" என்றாள் அம்மா.

அத்தனை பேர் முன்னால் அவள் அப்பாவை எதிர்த்துப் பேசியதை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. கார் பின்தெருவோர வேப்பமரத்தடிக்குப் போயிற்று.

பெட்ரோல் கூப்பனுக்கு எழுதிப் போட்டிருப்பதாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சாயந்தரங்களில் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து காரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அம்மா ஒரு நாள் தவறாமல் விளக்கேற்றினாள். காற்றில் அணையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு சாயந்தரம், பின்தெரு வழியாக ஒரு பெண் வந்தாள். அம்மாவைவிட இளையவள். இடுப்பில் ஒரு தகரப்பெட்டி, கையில் துணி மூட்டை. புடவைக் கரையெல்லாம் சேறு. ஷெட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு விளக்கைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இதுல யாரு பாப்பா இருக்கா?"

"யாருமில்லீங்க."

"வெளக்கு எரியுதே?"

"எங்கம்மா ஏத்துவாங்க. தெனமும்."

அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். நான் உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் மொண்டேன். யாருக்கு என்று அம்மா கேட்டாள். ஒரு அக்கா பெட்டியோடு வந்திருக்கிறாள் என்றேன். அம்மா சொம்பை வாங்கித் தண்ணீரைக் கொட்டினாள். மோரை ஊற்றி, உப்புப் போட்டு, என் கையில் கொடுத்தாள். வெளியே வந்து எட்டிப் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அந்தப் பெண் மோரை ஒரே மூச்சில் குடித்தாள். எத்தனை நேரமாய்ப் பட்டினியோ. இன்றைக்கு அந்தத் தகரப்பெட்டியை நினைத்தால் இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. எந்த வீட்டைக் காட்டி, என்ன சொல்லி அவளை அவ்வளவு தூரம் வரவழைத்தாரோ அப்பா.

"அரியலூருக்கு இனிமே பஸ்ஸு இருக்கா பாப்பா?" என்றாள்.

அவளும் கார் பார்க்க வந்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பார்க்காமலே போகிறாளே என்று இருந்தது. "காரு இதுக்குள்ள இல்லீங்க. அங்க நிக்குது, பாத்துட்டுப் போங்க" என்று வேப்பமரத்தடியைக் காட்டினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முன்சீட்டில் அப்பா இருந்தார். பேப்பர் மடியில் கிடந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல், நேர் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பெட்ரோல் கூப்பன் வந்துவிட்டது, கார் கிளம்பப் போகிறது என்று எண்ணிக்கொண்டு, அம்மாவிடம் சொல்ல நான் உள்ளே ஓடினேன்.