மலை சுத்தாத ஜீப்பு

ஜீப் மெக்கானிக்குக்கு வர்ற முதல் தகவல் எப்பவும் தப்பாத்தான் இருக்கும். கொண்டுவர்றவர் யோக்கியர்தான், வண்டிதான் புளுகும்.

பழைய ஜீப்பு வெச்சிருக்கறவங்க, வெச்சிருந்தவங்க, வித்துட்டு நிம்மதியா தூங்கறவங்க எல்லாருக்கும் வணக்கம். எழுபதுகள் கடைசியில திருவண்ணாமலை செங்கம் ரோட்டு ஓரமா ஒரு தகரக் கொட்டாய் போட்டு ஒர்க்‌ஷாப் ஆரம்பிச்சேன். மிலிட்டரியில கழிச்சு விட்ட ஜீப்புங்களை அப்ப ஏலத்துல எடுத்து எடுத்துக் கொண்டாருவாங்க. பாறை மேல ஏறும், ஏரிக்குள்ள இறங்கும், ஜவ்வாது மலைக்குப் போய் மூட்டை ஏத்திக்கிட்டு வரும். மெதுவா மட்டும் போகாது. மெதுவா போனா கொதிக்கும். அதுல ஒரு ஜீப்பு என் உசுரை வாங்கின கதையைத்தான் சொல்லப்போறேன்.

ஒண்ணும் இல்லாத வண்டி

மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வெச்சிருந்த ஏகாம்பரம் ஒரு நாள் ஜீப்பைக் கொண்டாந்து நிறுத்தினார். கூடவே அவர் சம்சாரம் ஜெகதாம்மா, முன்சீட்டுல, காலை நீட்டி வெச்சுக்கிட்டு. விஷயம் இதுதான். அவங்க மக செல்வி பிரசவத்துல பிழைக்கமாட்டான்னு ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. ஜெகதாம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பொண்ணு பிழைச்சா பௌர்ணமியில கிரிவலம் நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டாங்க. பொண்ணும் பிழைச்சா, பிள்ளையும் பிழைச்சுது. வேண்டிக்கிட்டது மாசியில, முழங்கால் ரெண்டும் மடக்கமுடியாம போனது ஆனியில. அதனால ஜீப்புல உக்காந்து சுத்திடலாம்னு கிளம்பினா, வழியில இருக்கற எட்டு லிங்கத்துல மூணாவது, எமலிங்கம், அது தாண்டறதுக்குள்ள ரேடியேட்டர் கொதிச்சு, மூடியைத் தூக்கிக்கிட்டு ஆவி வருதாம்.

நான் வண்டியை எடுத்துக்கிட்டு செங்கம் வரைக்கும் போயிட்டு வந்தேன். சூட்டு மீட்டர் முள் அசையவே இல்லை. மத்தியான வெயில்ல, நல்ல ஸ்பீடுல. திரும்பி வந்து, வண்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு அதே எமலிங்கத்துக்கிட்ட, அதே மாதிரி பொங்கிடுச்சு. மறுநாள் ஏகாம்பரம் கொட்டாய்க்கு வந்து, சத்தமே போடாம சொன்னார்: "மேஸ்திரி, உங்க கையில இருக்கறப்ப அது பசு மாடு. எங்க கையில வந்தா இன்னாத்துக்குங்க முட்டுது?"

நடக்கற கணக்கு

அப்புறம்தான் நான் உருப்படியா ஒரு கேள்வி கேட்டேன். கிரிவலத்துல எவ்வளவு வேகமா ஓட்டறீங்க? செல்வி வெறுங்காலோட முன்னாடி நடப்பா, அவ பின்னாடியே ஜீப்பு வரும்னு சொன்னார். ஏகாம்பரமும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஓட்டுவார். ஆக்சிலேட்டர் சுடுதுன்னு அதுக்கு வேற தனியா ஒரு புகார்.

விஷயம் பாதி விளங்கிடுச்சு. வேகமா போனா எதிர்க்காத்து தானா ரேடியேட்டருக்குள்ள புகுந்து தண்ணியை ஆத்திடும். மெதுவா போனா அந்தக் காத்து கிடையாது, உள்ள இருக்கற ஃபேன்தான் இழுத்துக் குடுக்கணும். அப்ப குறை ஃபேன் பக்கம். அதைத் தேடற வரைக்கும் சுலபமா ஒரு வழி இருக்கேன்னு, முன்சீட்டுல உக்காந்திருந்த ஜெகதாம்மாகிட்ட நான் பெரிய மனுஷனாட்டம் யோசனை சொன்னேன். அம்மா, லிங்கத்துக்கு லிங்கம் நிறுத்திக் கும்பிட்டுக்குங்க, நடுவுல மட்டும் கொஞ்சம் விரட்டி ஓட்டச் சொல்லுங்க, கொதிக்கவே கொதிக்காதுன்னேன்.

ஜெகதாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. கோவமெல்லாம் இல்லை. கணக்குத் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி நிதானமா சொன்னாங்க: "நடக்கறேன்னுதான் தம்பி வேண்டிக்கிட்டேன், ஓடறேன்னு இல்லை. என்னால முடியலை, எனக்குப் பதிலா ஜீப்பு நடக்கட்டும்."

கதாநாயகன் வாய்

அந்த வாரமே டூரிங் டாக்கீஸ் விளம்பர ஜீப்பு ஒண்ணு வந்தது. அதுக்கும் இதே வியாதி. தெருத்தெருவா மைக் வெச்சுக்கிட்டு ஊர்ந்து போனா கொதிக்குதாம். பானெட்டைத் திறக்கவே வேணாம், வெளியில நின்னே தெரிஞ்சுது. ரேடியேட்டர் முகத்தை அடைச்சு ஒரு பெரிய பலகை, அதுல கதாநாயகன் மூஞ்சி. காத்து எங்கே நுழையும்? பலகையைக் கழட்டுங்கன்னேன். படம் ஓடாதேன்னார் டாக்கீஸ்காரர். சரி, ஓட்டையாவது போடுங்கன்னேன். ரொம்ப நேரம் பலகையைப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஹீரோவை நல்லா வாய்விட்டுச் சிரிக்க வெச்சு, பல்லு இருக்கற இடத்தை அறுத்துட்டா போதுமா மேஸ்திரி?"

சந்தனக் காப்பு

போதும்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அந்தப் பலகை எனக்கு ஒரு புத்தியைக் குடுத்தது. நேரா மண்டிக்குப் போய் ஏகாம்பரம் ஜீப்போட ரேடியேட்டர் முகத்தை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அடப்பாவிகளா! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம், மஞ்சள், குங்குமம், அத்தனையும் ரேடியேட்டர் கண்ணுங்க உள்ள இறங்கி, காய்ஞ்சு, சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கு. பானெட்டுல வெச்சா போதாதுன்னு, எஞ்சினுக்கு மூஞ்சி இதுதான்னு யாரோ இதுல அப்பியிருக்காங்க. நம்ம ஊர்ல எந்த வண்டியையும் பாருங்க, இதே கதைதான். பக்தியோட வெச்சதைத் திட்டவும் முடியாது. ஒரு சாயங்காலம் முழுக்க தண்ணி பீச்சிக் கழுவினேன். கொட்டாய் வாசல்ல கல்யாண வீடு மாதிரி மஞ்சத் தண்ணி ஓடுச்சு.

நிச்சயம் இதுதான்னு நம்பி, நானே அந்தப் பௌர்ணமிக்குக் கூடப் போனேன். அப்பல்லாம் கிரிவலத்துக்கு இப்ப மாதிரி ஜனக்கடல் கிடையாது. நாலு சாமியாரு, பத்து குடும்பம், நாங்க. எமலிங்கம் தாண்டுச்சு. நிருதிலிங்கம் தாண்டுச்சு. ஜெகதாம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே வந்தாங்க. எனக்குத் தலை கிறுகிறுக்கற அளவுக்கு சந்தோஷம். அடி அண்ணாமலை வந்ததும் முள் சிவப்புக்கு ஏறிடுச்சு. ஆவி கிளம்பினது டீக்கடை வாசல்ல. கடைக்காரர் பதறவே இல்லை, ஒரு குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தார். எமலிங்கத்துல பொங்கின அந்த ரெண்டு பௌர்ணமியும் ஏகாம்பரம் விடாம தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டு வந்து, கடைசியா இங்கேதான் நின்னிருக்காருன்னு அப்பதான் தெரிஞ்சுது. குடத்தை இறக்கி வெச்சுட்டு கடைக்காரர் சொன்னார்: "வாங்க, வாங்க. காலண்டர் இல்லைங்க நம்மகிட்ட. நீங்க வந்து நின்னாத்தான் இன்னைக்குப் பௌர்ணமின்னு எங்களுக்குத் தெரியுது."

ஒரே வியாதிக்காரர்

அதுக்கப்புறம் நான் மாத்தாத சாமான் இல்லை. ஃபேன் பெல்ட்டு, வாட்டர் பம்ப்பு, தெர்மோஸ்டாட்டு, ரேடியேட்டர் மூடி. டைமிங்கைத் திருத்தினேன். ஃபேனைத் தலைகீழா மாட்டியிருக்காங்களான்னு கழட்டிப் பார்த்தேன், சரியாத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம் ஜாஸ்தி போகும், அவ்வளவுதான்.

ஆசிரமத்துப் பக்கம் வாடகை ரூம்ல தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளுக்குக் காத்தடிக்க அடிக்கடி வருவார். நல்லா தமிழ் பேசுவார். நான் பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு முனகறதைப் பார்த்து, வண்டிக்கு என்னன்னு கேட்டார். ஓடறப்ப ஒண்ணுமில்லை, மெதுவா போனா, நின்னா, சூடாகுதுன்னேன். அவர் கண்ணை மூடி யோசிச்சுட்டு சொன்னார்: "எனக்கும் இதேதான் ப்ராப்ளம். அதுக்குத்தான் இந்த ஊருக்கு வந்தேன்."

கைவிட்ட பேச்சு

ஐப்பசிப் பௌர்ணமிக்கு வாயுலிங்கம் வரைக்கும் போய் நின்னுடுச்சு. அன்னைக்கு ஜெகதாம்மா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. செல்வி பக்கத்துல வந்து, அம்மா, நான் நடந்தா போதும்மா, எனக்காகத்தானே நீ வேண்டிக்கிட்டேன்னு அழுதா. ஏகாம்பரம் ஜீப்பு டயரை ஒரு உதை உதைச்சார். வெறுங்கால்ல உதைச்சதால அவரும் உக்காந்துட்டார்.

நான் குடத்தோட நின்னுக்கிட்டிருந்தேன். ஜெகதாம்மா மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மெக்கானிக் வேலையில திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம்தான், ஆனா அன்னைக்கு ஒருத்தரும் திட்டலை. ஒரு நட்டு போல்ட்டு விவகாரம் இது, அதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாம ஒரு பொம்பளையை சாமிகிட்டயே சந்தேகப்பட வெச்சுட்டேனேன்னு இருந்தது. ஜெகதாம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க: "விடுங்க தம்பி, உங்க மேல குத்தமில்லை. நடக்கறேன்னு சொல்லிட்டு உக்காந்து வர்றாளேன்னு மலையில இருக்கறவருக்கு மனசு ஒப்பலை போல இருக்கு."

மொட்டை மாடி

கார்த்திகை தீபத்தன்னைக்கு அவங்க வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. போக வெக்கமா இருந்தது, போகாம இருக்கவும் முடியலை. மொட்டை மாடியில எல்லாரும் மலையைப் பார்த்து நின்னோம். உச்சியில தீபம் தெரிஞ்சதும் ஊரே அரோகரா போட்டது. அதுக்காகவே காத்துக்கிட்டிருந்த ஜெகதாம்மா வீட்டு விளக்குகளை ஏத்தினாங்க. அன்னைக்குக் காத்துன்னா காத்து. கைப்பிடிச் சுவர் மேல வெச்ச அகல் எல்லாம் ஏத்த ஏத்த அணைஞ்சுது. பக்கத்து வீட்டு மாடியிலயும் அதே பாடு. ஆனா இவங்க மாடி நடுவுல ஒரு பெரிய விளக்கு மட்டும் ஆடாம அசையாம எரியுது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். விளக்கைச் சுத்தி ஒரு சாண் உயரத்துக்குத் தகரத்துல ஒரு தடுப்பு. கோயில் மதில் மாதிரி காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையா அடிச்சு, பொட்டு வெச்சிருந்தது. அடிப்பக்கம் சதுரம், மேல்பக்கம் வட்டம். ஓரத்துல நாலு போல்ட்டு ஓட்டை. சாமி வந்த மாதிரி கத்திட்டேன்: "இது ஏதுங்க?"

ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவுல மாட்டற தகரக் கூடுங்க அது! அந்தக் கூடு இருந்தாத்தான் ஃபேன் இழுக்கற காத்து ரேடியேட்டர் வழியா வரும். இல்லைன்னா சுத்துப்பக்கம் இருக்கற சூட்டுக் காத்தையே இழுத்து இழுத்து வீசிக்கிட்டிருக்கும். ஊதுகுழல் இல்லாம ஈர விறகை ஊதற மாதிரிதான். இந்த மாடலுக்கு அப்படி ஒண்ணு கிடையாது போலன்னு நான் பாட்டுக்கு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஏகாம்பரம் சாவகாசமா வந்து எட்டிப் பார்த்தார். ஓ, அதுவா, ஜீப்பு வாங்கின புதுசுல கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தது, நான்தான் கழட்டிப் பரண்ல போட்டேன், இவ எடுத்துத் தேய்ச்சு விளக்குக்கு வெச்சுக்கிட்டான்னார். ஏங்க, இத்தனை மாசமா ஜீப்பைப் பிரிச்சுப் போட்டு மாரடிச்சேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரலை: "நீங்க ஜீப்புல இருக்கறதைப் பத்தித்தான் ஒவ்வொண்ணா கேட்டீங்க. இல்லாததைப் பத்தி என்னைக்குக் கேட்டீங்க?"

கூட்டுக்கு ஒரு ஒப்பந்தம்

நான் அப்பவே தூக்கிக்கிட்டு ஓடிடலாம்னு கை வெச்சேன். ஜெகதாம்மா தடுத்துட்டாங்க. எரியற தீபத்துக்கு மறைப்பை எடுக்கக்கூடாது, விளக்கு தானா மலையேறட்டும்னாங்க. சரின்னு, ஸ்பானரைத் தேடின கையில அதிரசத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்களும் எதிர்ல உக்காந்து அந்தத் தகரத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாங்க. அந்த அம்மா சிரிச்சு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அப்புறம் அது சிரிப்பா அழுகையான்னு எனக்குத் தெரியலை. செல்வி முதுகைத் தடவிக் குடுத்தா.

கூட்டைக் குடுக்கறப்ப ரெண்டு நிபந்தனை போட்டாங்க. காவிப் பட்டையைச் சுரண்டக்கூடாது. வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஒரு சாயங்காலம் கழட்டிக்கிட்டு வந்து குடுத்துடணும். கடைசியா பொடவைத் தலைப்பால எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சு என் கையில குடுத்துட்டு சொன்னாங்க: "மலையில இருக்கறவர் ஒண்ணும் சொல்லலை தம்பி. தீபமா நிக்கற அவருக்குக் காத்து படாம காப்பாத்தறேன்னு, ஜீப்புக்குப் போகவேண்டிய காத்தை நான்தான் மாடியில வெச்சிருந்தேன்."

மார்கழிப் பௌர்ணமி

கிளம்பறப்பவே ஏகாம்பரம் முன்ஜாக்கிரதையா, மார்கழிக் குளிர்ல எந்த வண்டியும் கொதிக்காதுன்னு சொல்லி வெச்சார். நான் கூட்டோட போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிட்டு ஏறி உக்காந்தேன். செல்வி முன்னாடி நடந்தா, ஜீப்பு பின்னாடி நடந்தது. எமலிங்கம், நிருதிலிங்கம். அடி அண்ணாமலையில டீக்கடைக்காரர் குடத்தோட வாசலுக்கு வந்தார். நாங்க நிக்காம போறதைப் பார்த்துட்டு, குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் கூட வந்தார். வாயுலிங்கம் தாண்டுச்சு. குபேரலிங்கத்துல இறங்கி நான் ரேடியேட்டர் மேல கை வெச்சுப் பார்த்தேன். சூடு இருந்தது, கொதி இல்லை. ஈசானியலிங்கமும் முடிஞ்சு, ராஜகோபுரம் எதிர்ல தெரிஞ்சுது.

அங்கே ஜெகதாம்மா நிறுத்தச் சொன்னாங்க. என்னமோ ஏதோன்னு நானும் ஏகாம்பரமும் முள்ளைப் பார்த்தோம், செல்வி திரும்பி ஓடி வந்தா. முள் அதோட இடத்துல சமர்த்தா இருந்தது. அவங்க காலைத் தூக்கி வெளியில வெச்சாங்க. ஏகாம்பரம், ஏய், இன்னா பண்றேன்னு பதறினார். ஒரு கை செல்வி தோள்ல, ஒரு கை பானெட்டு மேல, பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்து நின்னாங்க. நின்னு, பானெட்டைத் தட்டிக் குடுத்துட்டு சொன்னாங்க: "இவ்வளவு தூரம் எனக்காக நடந்துடுச்சு, பாவம். வாசல் வரைக்கும் இனிமே நான் பார்த்துக்கறேன்."

இப்ப யாராவது வண்டி கொதிக்குதுன்னு வந்து நின்னா, பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: ஏங்க, உங்க வீட்டுப் பரண்ல இன்னா இருக்கு?